பிஸென் நகரமும் அதன் மண்பாண்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் பிஸென் ஊரைப் பற்றியும் அங்கே சுடப்படும் பாண்டங்களைப் பற்றியும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை மாற்றவில்லை. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை போகப்போக வரும்.

பிஸென் எங்கே இருக்கிறது? பெரிய ஊரா?

ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஓகயாமா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் தீவுகள் நிறைந்த செத்தோ உள்நாட்டுக் கடல். மக்கள்தொகை முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். 2005இல் பழைய பிஸென் நகரத்துடன் ஹினாசே, யோஷினாகா என்ற இரண்டு சிற்றூர்களும் இணைந்து இன்றைய நகரமாயின.

பாண்டம் என்று வரும்போது கவனிக்க வேண்டிய பகுதி இம்பே. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தாலே செங்கல் புகைபோக்கிகள் கண்ணில் படும். பட்டறைகளும் விற்பனைக் கடைகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் தெருக்கள் அவை.

பார்த்தால் வெறும் பழுப்புப் பாத்திரம். இதில் அப்படி என்ன இருக்கிறது?

பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது, வரைந்த பூவோ கொடியோ கிடையாது. மண்ணை வனைந்து, உலர்த்தி, விறகுச் சூளையில் பல நாள் சுடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் செந்நிறம், மறுபக்கம் சாம்பல் கலந்த நீலம், தோள்பட்டையில் மஞ்சள் புள்ளிகள், அடியில் கருமை. ஒரே பாத்திரத்தில் இத்தனையும் இருக்கும். இவற்றில் எதையும் தூரிகையால் தீட்டவில்லை.

கடை அலமாரியில் நூறு பாத்திரங்களை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். இது தூரத்திலிருந்து பார்ப்பதற்கான பொருள் அல்ல. கையில் வைத்துப் பழகுவதற்கானது.

பூச்சு இல்லையென்றால் தண்ணீர் கசியாதா? நம் ஊர்ப் பானை கசிகிறதே?

நம் பானை குறைந்த சூட்டில் சுடப்படுவது. அதன் நுண்துளைகள் திறந்தே இருக்கும். நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பிஸென் பாண்டம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் மண் துகள்கள் ஓரளவு உருகி ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. தட்டினால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒலி வரும்.

புதிய பூச்சாடியில் தொடக்கத்தில் அடிப்பகுதி லேசாக ஈரமாகலாம். மர மேசையில் வைப்பதானால் கீழே ஒரு விரிப்பு போட்டுவிடுங்கள்.

ஏன் பூச்சுப் பூசுவதில்லை? அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் இல்லை. அந்த மண் பூச்சை ஏற்பதில்லை. இந்தக் கேள்விக்கான பதிலைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இம்பேயின் மண்ணில் இரும்புச் சத்து அதிகம், மக்கிய தாவரப் பொருளும் கலந்திருக்கிறது, துகள்கள் மிக நுண்மையானவை. உலரும்போதும் சுடும்போதும் இது மிகவும் சுருங்குகிறது. மேலே பூச்சுப் பூசினால், உள்ளே மண் சுருங்கச் சுருங்கப் பூச்சு உரிந்து வந்துவிடும். சூட்டை வேகமாக ஏற்றினால் பாத்திரமே வெடிக்கும். அதிகச் சூட்டைத் தாங்கும் வலுவும் இதற்குக் குறைவு. ஒரு குயவர் தானாக விரும்பித் தேர்ந்தெடுக்கும் மண்ணே அல்ல இது.

ஆனால் நிதானமாக, பல நாள் எடுத்துக்கொண்டு சூடேற்றினால் இதே மண் இறுகிக் கல்லாகிறது. பூச்சு இல்லாததால் நெருப்பும் சாம்பலும் நேரடியாக மண்ணைத் தொட்டுத் தடம் பதிக்கின்றன. நெடுநாள் சுடுவது, நிறங்கள், ஏறிய விலை என எல்லாவற்றுக்கும் வேர் இந்த மண்ணின் பிடிவாதம்தான்.

அந்த மண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்?

நெல் வயலின் அடியிலிருந்து. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் மேல்மண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, சில மீட்டர் ஆழத்தில் படிந்திருக்கும் களிமண் படுகையைத் தோண்டுகிறார்கள். சுற்றியுள்ள மலைகளிலிருந்து மழைநீர் யுகக்கணக்கில் அடித்துக்கொண்டு வந்து படியவைத்த மண் அது. ஹியோசே என்பது அதன் பெயர். தோண்டி முடித்ததும் குழியை மூடி மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவார்கள். அடுத்த பருவத்தில் அங்கே மறுபடியும் நெல் நடுவார்கள்.

எடுத்த மண்ணை உடனே சக்கரத்தில் ஏற்றிவிட முடியாது. மழையிலும் வெயிலிலும் பனியிலும் கிடக்கவிட்டு, கல்லும் வேரும் நீக்கி, கரைத்து, வடித்து, மீண்டும் கிடப்பில் போடுவார்கள். இதற்கே ஆண்டுகள் ஆகும். பலர் ஹியோசே மண்ணுடன் மலைமண்ணையும் கலப்பார்கள். அந்தக் கலவையின் அளவு ஒவ்வொரு பட்டறைக்கும் வேறு.

சூளை எத்தனை நாள் எரியும்? இரவில் அணைத்துவிட்டுத் தூங்குவார்களா?

அணைக்கவே முடியாது. பத்து நாள், இரண்டு வாரம் என்று இரவும் பகலும் தொடர்ந்து எரிய வேண்டும். முறை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட இடைவெளியில் விறகு போட்டுக்கொண்டே இருப்பார்கள். விறகு பெரும்பாலும் சிவப்புப் பைன். அதில் பிசின் அதிகம் என்பதால் சுவாலை நீளமாகவும் சூடாகவும் இருக்கும். எரிந்து முடிந்ததும் வாய்களை அடைத்துவிட்டு, சூளை தானாக ஆறும்வரை ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாத்திரங்கள் விரிசல் விடும்.

அடுக்குவதற்கு ஆகும் நாட்கள் தனி. ஒரு பட்டறை ஆண்டுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சூளை வைத்தாலே பெரிது.

வண்ணம் பூசவில்லை என்கிறீர்கள். வெளிர் மண்ணில் சிவப்புக் கோடுகள் ஓடும் பாத்திரம் என்னிடம் இருக்கிறது. அது எப்படி வந்தது?

வைக்கோல்தான் காரணம். உங்களிடம் இருப்பது ஹிதாசுகி வகை. பாத்திரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையே வைக்கோல் சுற்றுவார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியம், சூட்டில் மண்ணின் மேற்பரப்போடு வினைபுரிகிறது. மண்ணிலிருக்கும் இரும்பு அந்த இடத்தில் மட்டும் செந்நிறப் படிகங்களாக வளர்கிறது. வைக்கோல் எரிந்து போய்விடும், அதன் தடம் நிலைத்துவிடும். ஒட்டாமல் தடுக்கச் செய்த ஏற்பாடு பிற்காலத்தில் அழகுக்காகவே செய்யப்படலாயிற்று.

மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன். பறக்கும் பைன் சாம்பல் படிந்து உருகினால் எள் தூவியது போன்ற புள்ளிகள் வரும், அது கோமா. நெருப்புக்கு அருகே சாம்பலிலும் கரியிலும் புதைந்து, காற்று குறைவாகக் கிடைத்த பாத்திரம் சாம்பல், நீலம், கருமை என மாறும், அது சாங்கிரி. தட்டின் மேல் சிறு மண் உருண்டையையோ கிண்ணத்தையோ வைத்துச் சுட்டால், மறைந்த இடம் மட்டும் வட்டமான செந்நிறத் திட்டாகும், அது போதாமோச்சி. முழுவதும் நீலச்சாம்பலாக வரும் பாத்திரம் அபூர்வம்.

சாம்பல் உருகிக் கண்ணாடியாகப் படிகிறது என்றால் அதுவும் பூச்சுதானே? பூச்சே இல்லை என்பது சரியா?

வேதியியலாகப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. உருகிய சாம்பல் மெல்லிய கண்ணாடிப் படலம்தான். இயற்கைப் பூச்சு என்று அதைச் சொல்பவர்களும் உண்டு. பிஸெனில் பூச்சு இல்லை என்னும்போது, சுடுவதற்கு முன் யாரும் எதையும் கரைத்துப் பூசவில்லை என்பது பொருள். மண் சுருங்கி முடிக்கும் தறுவாயில் சாம்பல் உருகிப் படிவதால், முன்கூட்டியே பூசிய பூச்சைப் போல அது உரிந்து விழுவதும் இல்லை.

நிறத்தை நெருப்பே முடிவு செய்கிறது என்றால் குயவரின் திறமை எங்கே?

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. நெருப்பு தன்னிஷ்டத்துக்கு வேலை செய்கிறது என்பது பாதி உண்மைதான். சூளையில் எந்த இடத்தில் சாம்பல் அதிகம் பறக்கும், எங்கே சுவாலை மோதித் திரும்பும், எந்த மூலையில் காற்று குறையும் என்பதெல்லாம் குயவருக்குத் தெரியும். கோமா வேண்டிய குடுவையை அடுப்பு வாய்க்கு அருகில் வைப்பார். ஹிதாசுகி தட்டைச் சாம்பல் படாமல் பெட்டிக்குள்ளோ பெரிய ஜாடிக்குள்ளோ வைப்பார். ஒரு குடுவையை நிறுத்துவதா கிடத்துவதா, எந்தப் பக்கம் சுவாலையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அடுக்கும்போதே தீர்மானமாகிவிடும். பிஸெனில் சூளை அடுக்குவதுதான் ஓவியம் வரைவதற்குச் சமமான வேலை.

இவ்வளவு செய்த பிறகும் எதிர்பாராதது நடக்கும். நல்ல குயவர் அதற்கு இடம் விட்டே அடுக்குவார்.

ஆயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். உண்மையா, விளம்பரமா?

எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 5ஆம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து உயர்சூட்டில் சுடும் கலை ஜப்பானுக்கு வந்தது. அப்படிச் செய்த சாம்பல்நிறப் பாண்டம் சுயே எனப்படுகிறது. அந்த மரபில் வந்த குயவர்கள் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் இம்பே பக்கம் நகர்ந்து, மெல்லமெல்லத் தனி முறையை உருவாக்கினார்கள். செத்தோ, தொகோநாமே, எச்சிசென், ஷிகாராகி, தம்பா, பிஸென் ஆகிய ஆறும் இடைக்காலத்திலிருந்து அறுபடாமல் இயங்கிவரும் சூளை மையங்கள். ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வது 20ஆம் நூற்றாண்டு வழக்கம்தான். 2017இல் இந்த ஆறும் சேர்ந்து ஜப்பான் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

அந்தக் காலத்தில் இங்கே செய்தவை அலங்காரப் பொருள்கள் அல்ல. ஜாடி, பெருந்தாழி, உட்புறம் கோடு கீறிய அரைக்கும் கிண்ணம் ஆகிய மூன்றுமே முக்கியச் சரக்கு. எறிந்தாலும் உடையாது பிஸென் அரைகிண்ணம் என்று ஒரு சொலவடையே உண்டு. கப்பல் கப்பலாக உள்நாட்டுக் கடல் வழியே இவை போயின.

தேநீர்ச் சடங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் தேநீர் ஆசான்கள், மெருகேறிய சீனக் கலங்களிலிருந்து பார்வையைத் திருப்பி, சமையலறையிலும் களத்துமேட்டிலும் கிடந்த பாத்திரங்களை எடுத்துத் தேநீர் அறைக்குள் வைத்தார்கள். தானியம் வைத்த ஜாடி பூச்சாடியாயிற்று, நீர்க்கலம் தேநீருக்கான குளிர்நீர்க் கலமாயிற்று. பிறகு குயவர்களே அந்த ரசனைக்கென்று வனையத் தொடங்கினார்கள். மொமொயாமா காலத்துப் (16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) பிஸென் என்று அருங்காட்சியகங்கள் போற்றுவது இந்தக் காலத்துப் பொருள்களைத்தான்.

இந்த மாற்றத்தின் முன்னோடிகளில் ஒருவரான முராத்தா ஜுகோ தம் சீடருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தேர்ச்சி வராத ஆரம்பநிலையினர் பிஸென், ஷிகாராகி கலங்களை வைத்துக்கொண்டு பக்குவப்பட்டவர்போல நடந்துகொள்வதை அதில் அவர் கண்டிக்கிறார். பிஸென் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாகரிகமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நடுவில் இந்தத் தொழில் அழியப் பார்த்ததாமே?

ஆம். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் அரித்தா என்ற ஊரில் வெள்ளைப் பீங்கான் பெருகியதும் மக்கள் அதையே விரும்பினார்கள். பிஸென் குயவர்கள், அந்தப் பகுதியை ஆண்ட இகேதா குலத்தின் ஆதரவில், சாக்கே என்னும் அரிசி மதுவுக்கான குடுவைகளும் நுணுக்கமான விலங்கு, தெய்வ உருவங்களும் செய்து காலம் தள்ளினார்கள். 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியில் அந்த ஆதரவும் போனது. களிமண் குழாயும் செங்கல்லும் செய்து பிழைத்த காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது மண்ணால் கையெறி குண்டுகள்கூடச் செய்ய நேர்ந்தது. உலைகளுக்கான, சூடு தாங்கும் செங்கல் உற்பத்திக்கு இந்த நகரம் இன்றும் பெயர்பெற்றது. மித்சுயிஷி பகுதியின் கனிமம் அதற்கு அடிப்படை.

பழைய பெருமையை மீட்டவர் கனேஷிகே தோயோ (1896–1967). உருவங்கள் செய்வதில் தேர்ந்த குடும்பத்தில் பிறந்த இவர், அதை விட்டுவிட்டு மொமொயாமா காலத்துப் பாண்டங்களின் மண்ணையும் சுடும் முறையையும் தேடிப் போனார். 1956இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று, தேர்ந்த கலைஞர்களுக்கு ஜப்பான் அரசு தரும் மதிப்பு அவருக்குக் கிடைத்தது. அவருக்குப் பின் ஃபுஜிவாரா கேய், யமமோத்தோ தோஷு, ஃபுஜிவாரா யூ, இசெசாகி ஜுன் ஆகியோரும் அதே மதிப்பைப் பெற்றார்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு ஐந்து பேர்! சிற்பி இசாமு நொகுச்சி 1952இல் கனேஷிகேயிடம் தங்கி இந்த மண்ணில் வேலை செய்திருக்கிறார்.

பிஸென் வாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இதே ஊரில்தானா?

இல்லை. பிஸென் என்பது பழைய மாகாணத்தின் பெயர்; இன்றைய நகரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. புகழ்பெற்ற வாள் பட்டறைகள் இருந்த ஒசாஃபுனே, பக்கத்து செத்தோஉச்சி நகரத்தில் இருக்கிறது. வாள் அருங்காட்சியகமும் அங்கேதான். தூரம் அதிகமில்லை, ஆர்வமிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஒரு கோப்பைக்கு ஏன் இவ்வளவு விலை?

மண் பற்றியும் சூளை பற்றியும் மேலே சொன்னதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஊறிய மண், இரண்டு வாரம் இரவு பகலாக எரியும் பைன் விறகு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூளை. ஒரு சூளை கெட்டால் பல மாத உழைப்பு போயிற்று. விரிசல் விட்டது, கோணியது, ஒட்டிக்கொண்டது எனக் கழிந்ததன் செலவும் நல்லதன் மீதுதான் ஏறும்.

சில ஆயிரம் யென்னுக்கு நல்ல கோப்பை கிடைக்கும். பெயர்பெற்றவர் கைப்பட்டது என்றால் விலைக்கு வரம்பில்லை. முதல்முறை வாங்குபவர் பெயரைப் பார்க்காமல் கையில் எடுத்து, உதட்டில் படும் விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். எடுத்துப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்வது மரியாதை.

மின்சூளையில் சுட்டதை விற்கிறார்களே, அது போலியா?

போலி அல்ல. எரிவாயு, மின்சூளைகளும் இங்கே உண்டு. சாம்பலே படக்கூடாத ஹிதாசுகிக்கு அவை நன்றாகவே பொருந்தும். கோமாவும் சாங்கிரியும் விறகுச் சூளையில் வருவதுபோல வேறெங்கும் வராது என்பது என் கருத்து. எதில் சுட்டது என்று கேட்டால் சொல்வார்கள், தயங்காமல் கேளுங்கள்.

வாங்கிவிட்டேன். எப்படிப் புழங்குவது? மைக்ரோவேவில் வைக்கலாமா?

பயன்படுத்துமுன் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். மண் நிறம் ஆழ்ந்து தெரியும், எண்ணெயும் குழம்பு வாசனையும் எளிதில் ஏறாது. சாதாரண சோப்பும் பஞ்சும் போட்டுக் கழுவலாம். முக்கியமானது உலர்த்துவது: ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால் பூஞ்சை வாசனை வந்துவிடும். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுங்கள், மேசை கீறாது.

நேரடித் தீயில் வைக்கவே கூடாது. திடீர்ச் சூடு இதற்குப் பகை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் கொதிநீர் ஊற்ற வேண்டாம். மைக்ரோவேவில் லேசாகச் சூடுபடுத்துவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றாலும் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

பீர் நுரை மென்மையாக இருக்கும், பூ வாடாது என்கிறார்களே?

பீரைப் பொறுத்தவரை காரணம் தெளிவு. பூச்சில்லாத உட்புறத்தின் நுண்ணிய சொரசொரப்பில் குமிழிகள் சிறிதாகவும் ஏராளமாகவும் உருவாகின்றன. நுரை பொடியாக வந்து நெடுநேரம் நிற்கிறது. ஒரே புட்டியைக் கண்ணாடிக் கோப்பையிலும் பிஸென் கோப்பையிலும் ஊற்றினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பூ நாள்பட நிற்கும், தண்ணீர் கெடாது என்பவை அந்த ஊரில் தலைமுறைகளாகச் சொல்லப்படுபவை. பூச்சாடிக்கு இதைவிடப் பொருத்தமான பாண்டம் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அடங்கிய பழுப்பு நிறத்துக்கு முன்னே ஒற்றைப் பூகூட எடுத்துக் காட்டும்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான். எதைப் பார்ப்பது?

ஷின்-ஓசாகாவிலிருந்து ஓகயாமாவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து அகோ ரயில் தடத்தில் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் இம்பே. நிலையக் கட்டடத்தின் மாடியிலேயே பிஸென் பாண்டங்களின் விற்பனைக் கூடம் இருக்கிறது. முதலில் அங்கே பலரது வேலையையும் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள்.

அமாத்சு கோயிலைத் தவறவிடாதீர்கள். கூரை ஓடு, சுவர், தரைக்கல், காவல் சிங்கம் வரை குயவர்கள் காணிக்கையாகக் கொடுத்த பாண்டங்கள். பிறகு தெற்குப் பெருஞ்சூளையின் எச்சத்துக்குப் போங்கள். 54 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். மலைச்சரிவில் படுத்திருக்கும் அந்தப் பள்ளத்தில் ஒரு தடவைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஊரே சேர்ந்து அடுக்கி, ஒரு மாதத்துக்கு மேல் சுட்டிருக்கிறது. எந்தப் பாத்திரம் யாருடையது என்று அறிய அடியில் குறி கீறி வைப்பார்கள். அங்கே போக டிக்கெட் வேண்டாம், கூட்டமும் இருக்காது.

மாலையில் நேரமிருந்தால் ஷிசுதானி பள்ளி. இகேதா மித்சுமாசா 1670இல் சாதாரணக் குடிமக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1701இல் முடிக்கப்பட்ட அதன் விரிவுரைக் கூடம் தேசியப் பொக்கிஷம்; கூரை முழுவதும் பிஸென் ஓடு. பசி எடுத்தால் ஹினாசே கடற்கரையில் குளிர்காலத்தில் சிப்பி போட்ட ஒகொனோமியாகி (மாவும் முட்டைக்கோசும் கலந்து கல்லில் சுடும் தடித்த அடை) கிடைக்கும். பாண்டத் திருவிழா அக்டோபரில் நடப்பது வழக்கம். விலை குறையும், கூட்டம் நெரியும்.

நானே ஒன்று செய்து எடுத்துவர முடியுமா?

செய்யலாம், அன்றே எடுத்துவர முடியாது. வார இறுதிகளில் வனையக் கற்றுத்தரும் இடங்கள் உண்டு. நீங்கள் செய்தது உலர வேண்டும், சூளை நிறைய வேண்டும், சுட்டு ஆற வேண்டும். மாதங்கள் கழித்துத் தபாலில் வரும். நாட்டை விட்டுக் கிளம்பவிருப்பவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலடி மண் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள்?

இந்தக் கவலை அங்கே உண்மையாகவே இருக்கிறது. நல்ல ஹியோசே மண் இருக்கும் வயல்கள் குறைவு. அந்தப் படுகை மறுபடி உருவாக மனித ஆயுள் போதாது. அதனால் மண் கிடைக்கும்போது வாங்கிச் சேர்த்து, அடுத்த தலைமுறைக்கென்று வைத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. பைன் மரங்களையும் வாடல் நோய் பெருமளவில் அழித்திருக்கிறது. விறகு முன்போல் எளிதாகக் கிடைப்பதில்லை.

சிலர் மலைமண்ணின் பங்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள். கழிந்த பாத்திரங்களைப் பொடித்து மீண்டும் மண்ணில் கலக்கும் முயற்சியும் நடக்கிறது. மண் மாறினால் பாண்டமும் மாறும். அந்த மாறிய பாண்டத்தையும் பிஸென் என்று ஏற்பதா என்பதில் குயவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஏற்கலாம் என்பேன் நான். சுயே பாண்டம் செய்தவர்களின் வழிவந்தோர் இம்பே மண்ணுக்கு இறங்கி வந்தபோதும் பாண்டம் மாறத்தான் செய்தது.